அட்ராக்சன்: கவர்ச்சியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்

அட்ராக்சன் என்பது ஒன்று இன்னொன்றைத் தன்பால் இழுப்பதையும், அப்படி இழுக்கும் ஆற்றலையும், சில இடங்களில் இழுக்கும் பொருளையும் குறிக்கும் ஆங்கிலப் பெயர்ச்சொல். காந்தம் ஆணியை இழுப்பது, பூமி மாங்காயை இழுப்பது, ஒருவர் மனம் இன்னொருவர்மேல் போவது, திருவிழாக் கடைத்தெரு கூட்டம் சேர்ப்பது ஆகிய அனைத்துக்கும் ஆங்கிலத்தில் இந்த ஒரு சொல்லே போதும். தமிழுக்குப் போதாது. கவர்ச்சி, ஈர்ப்பு, நாட்டம், விருப்பம், மையல், வசியம் என்று இடம் பார்த்துச் சொல் மாறும். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் அட்ராக்சனுக்குப் பெரும்பாலும் நேர்ச்சொல் கவர்ச்சி; பூமியின் இழுப்புக்கு மட்டும் ஈர்ப்பு.

வேரும் உறவுச் சொற்களும்

சொல்லின் வேர் லத்தீன். அம்மொழியில் ‘திராஹெரே’ என்றால் இழு, இழுத்துக்கொண்டு போ. வண்டியை இழுப்பதும், வாளை உறையிலிருந்து உருவுவதும், மூச்சை உள்ளிழுப்பதும் அதற்குள் அடங்கும். ‘நோக்கி’ என்று பொருள்படும் ‘அத்’ என்ற முன்னொட்டு சேர்ந்தால் ‘அத்திராஹெரே’, தன் பக்கம் இழு. அதன் தொழிற்பெயர் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்து, 1400ஆம் ஆண்டையொட்டி எழுத்தில் தென்படத் தொடங்குகிறது.

இந்த வேரிலிருந்து கிளைத்த சொற்கள் பல. அவற்றில் சில வட இலங்கையின் வன்னிக்காரர் அன்றாடம் கண்ணால் காணும் பொருள்களின் பெயர்கள். வவுனியாவுக்கு வடக்கே ஏ-9 வீதியில், நெடுங்கேணிக்கு வீதி பிரியும் சந்தியில் உள்ளது புளியங்குளம். காலபோகத்துக்கு மழை விழுந்ததும் அங்கே வயலில் இறங்கும் உழவு இயந்திரத்தின் ஆங்கிலப் பெயர் டிராக்டர். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘இழுப்பது’. அறுவடை முடிந்து நெல் மூட்டை ஏற்றி அதன் பின்னால் வரும் பெட்டிக்கு ட்ரெய்லர் என்று பெயர். அதுவும் இழுபடுவதால் வந்த பெயர்தான். ஊரின் புகையிரத நிலையத்தைத் தாண்டிப் போகும் கோச்சியை ஆங்கிலம் ட்ரெயின் என்கிறது. ஒன்றையொன்று இழுத்துச் செல்லும் வரிசை என்பது அதன் பழம்பொருள். வீதி வேலையையும் வாய்க்கால் வேலையையும் ஒப்பந்தத்தில் எடுப்பவரை இலங்கைத் தமிழர் கொந்தராத்துக்காரர் என்கிறார்கள். போர்த்துக்கீசர் விட்டுச்சென்ற அந்தச் சொல்லுக்குள்ளும் திராஹெரே இருக்கிறது. இரு தரப்பையும் ஒருங்கே இழுத்துக் கட்டுவது கொந்தராத்து. உழவு இயந்திரம், பெட்டி, கோச்சி, கொந்தராத்து, காதல் மயக்கம் ஆகிய ஐந்தும் ஒரே கயிற்றில் கட்டுண்டவை என்பது இந்தச் சொல்லின் வரலாற்றில் முதலில் அறியவேண்டிய செய்தி.

உடம்பில் தொடங்கிய பொருள்

ஆங்கிலத்தில் அட்ராக்சன் முதலில் மருத்துவச் சொல்லாகத்தான் வழங்கியது. உடம்பு உணவையும் நீரையும் உள்ளிழுத்துக்கொள்வதையும், மருந்துப் பற்று கெட்ட நீரையும் சீழையும் தோலின் மேற்பரப்புக்கு இழுப்பதையும் அது குறித்தது. காதலோ வானவியலோ அந்தக் காலத்தில் அதன் அருகே இல்லை.

இந்தப் பொருளுக்கு மூலவர் கிரேக்க மருத்துவர் காலன். பெர்கமோன் நகரில் கி.பி. 129இல் பிறந்தவர். ஒவ்வோர் உறுப்புக்கும் இயற்கையாகவே நான்கு ஆற்றல்கள் உண்டு என்பது அவர் கொள்கை. தனக்கு வேண்டியதை இழுப்பது, இழுத்ததை வைத்திருப்பது, அதைத் தன்மயமாக மாற்றுவது, வேண்டாததை வெளியே தள்ளுவது என்பவை அந்த நான்கு. வயிறு உணவை இழுக்கிறது, சிறுநீரகம் குருதியிலிருந்து நீரை இழுக்கிறது என்று அவர் எழுதினார். உயிருள்ள உறுப்பு இப்படி இழுக்கக்கூடும் என்பதை நிறுவ அவர் எடுத்த சான்று காந்தக்கல். நுண்துகள்கள் மோதி மீள்வதால் இரும்பு காந்தத்திடம் வருகிறது என்ற கிரேக்க மெய்யியலாளர் எபிகூரஸின் விளக்கத்தைக் காலன் தாக்கி எழுதிய பகுதி இன்று படித்தாலும் காரம் குறையாதது. கல்லுக்கு இரும்பின்மேல் இயல்பான நாட்டம் இருப்பதுபோல் உறுப்புக்கும் தன் உணவின்மேல் நாட்டம் உண்டு என்பதே அவர் முடிபு. மனிதரின் கவர்ச்சிக்கு மட்டுமல்ல, சிறுநீரகத்துக்கும் காந்தம் உவமையானது.

காலனின் நூல்கள் அரபுக்குச் சென்றன. இப்னு சீனா (980–1037) தம் மருத்துவ நூலில் அதே நான்கு ஆற்றல்களையும் வகுத்தார். இழுக்கும் ஆற்றலுக்கு அரபுப் பெயர் ‘ஜாதிபா’. யூனானி மருத்துவத்தின் வழி அந்தக் கொள்கை இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. பூமியின் ஈர்ப்புக்கு இன்றைய அரபுச் சொல்லும் அதே வேரிலிருந்து பிறந்ததுதான். அந்த வேருக்கு இன்னொரு கிளையும் உண்டு. இறைவனால் இழுக்கப்பட்டுத் தன்னை மறந்தவரைத் தமிழ் முஸ்லிம்கள் ‘மஜ்தூப்’ என்பார்கள். மருத்துவம், பௌதிகம், பக்தி மூன்றுக்கும் ஒரே வேர் உழைப்பது ஐரோப்பிய மொழிகளுக்கு மட்டும் உரிய வழக்கம் அல்ல என்பதற்கு இது சான்று.

உடம்புக்குள் உள்ள கெட்டதை வெளியிலிருந்து இழுத்து எடுக்கலாம் என்ற நம்பிக்கை வன்னியிலும் வேரூன்றியது. அதன் கண்கண்ட வடிவம் விஷக்கல். பெரும்பாலும் எரித்த எலும்பிலிருந்து செய்யப்படும் இது கரிய, வழுவழுப்பான, விரல்நுனியில் அடங்கும் ஒரு துண்டு. பாம்பு கடித்த இடத்தைச் சிறிது கீறிக் குருதி கசியச் செய்து அதன்மேல் கல்லை வைத்தால் ஒட்டிக்கொள்ளும். விஷத்தை இழுத்து முடித்ததும் தானாக விழும் என்பார்கள். விழுந்த கல்லைப் பாலில் போட்டால் குமிழி குமிழியாக எழும். விஷம் பாலுக்குள் இறங்குகிறது என்று சுற்றி நிற்பவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கல் ஒட்டுவது உண்மை. அதிலுள்ள நுண்துளைகள் ஈரத்தை உறிஞ்சுவதால் ஒட்டுகிறது. குமிழி எழுவதும் உண்மை. துளைக்குள் இருந்த காற்றுத்தான் குமிழியாக வெளியேறுகிறது. ஆனால் தசைக்குள் போய்க் குருதியில் கலந்துவிட்ட நஞ்சை எந்தக் கல்லும் இழுப்பதில்லை. நாகமோ கண்ணாடி விரியனோ தீண்டியவருக்கு வைத்தியசாலையில் ஏற்றும் விஷமுறிவு மருந்து ஒன்றே வழி. கல் விழட்டும் என்று காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் உயிரிலிருந்து கழியும் நிமிடம்.

இதே நம்பிக்கை மேற்கில் எடுத்த வடிவம்தான் டிராக்டர் என்ற பெயரைப் பரவலாக்கியது. ஐக்கிய அமெரிக்காவின் எலிஷா பெர்க்கின்ஸ் என்ற மருத்துவர் 1796இல் இரண்டு உலோகக் குச்சிகளுக்குக் காப்புரிமை பெற்றார். ஒரு முனை கூராக இருந்த அக்குச்சிகளை வலியுள்ள இடத்தின்மேல் இழுத்தால் நோய் வெளியே இழுபட்டுவிடும் என்று சொல்லி, ‘டிராக்டர்’ என்ற பெயரில் விற்றார். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அவற்றை நம்பி வாங்கியோர் பலர். இங்கிலாந்தின் பாத் நகரில் ஜோன் ஹேகார்த் என்ற மருத்துவர் 1799இல் மரத்தில் அதேபோன்ற குச்சிகளைச் செய்து, உலோகம்போல் தோன்றச் செய்து, நோயாளிகளுக்குப் பயன்படுத்திப் பார்த்தார். மரக்குச்சிக்கும் நோயாளிகள் சுகம் கண்டார்கள். இழுத்தது உலோகம் அல்ல, நோயாளியின் நம்பிக்கை என்று அவர் எழுதினார். மருந்தில்லா மருந்தை வைத்துச் செய்த சோதனைகளில் இது மிகப் பழையவற்றுள் ஒன்று. உழவு இயந்திரத்துக்கு டிராக்டர் என்ற பெயர் நிலைத்தது அதற்குப் பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்துத்தான்.

கல்லிலிருந்து கோளுக்கு

உடம்பை விட்டுச் சொல் உலகுக்குப் போனது 16, 17ஆம் நூற்றாண்டுகளில். ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் கில்பர்ட் 1600இல் வெளியிட்ட காந்தம் பற்றிய லத்தீன் நூலில் ஒரு நுட்பமான வேறுபாட்டை வைத்தார். தேய்த்த அம்பர் துரும்பை இழுப்பதற்கு மட்டுமே அவர் அட்ராக்சன் என்ற சொல்லை ஒதுக்கினார். அம்பர் இழுக்கிறது, துரும்பு இழுபடுகிறது, அவ்வளவே. காந்தமும் இரும்பும் அப்படியல்ல. இரண்டும் ஒன்றையொன்று நாடி வருகின்றன என்று கண்ட அவர், அதற்கு ‘கூடிவருதல்’ என்ற பொருளுள்ள வேறொரு சொல்லைப் பயன்படுத்தினார். இழுப்பதில் வலுக்கட்டாயம் உண்டு, கூடுவதில் இசைவு உண்டு என்பது அவர் எண்ணம். பின்வந்தவர்கள் இந்த வேறுபாட்டைக் கைவிட்டது ஆங்கிலத்துக்கு இழப்பு.

நியூட்டன் 1687இல் வெளியிட்ட ‘பிரின்சிபியா’ சொல்லைக் கோள்களுக்குக் கொண்டுபோனது. சூரியனும் பூமியும் தொடாமலே ஒன்றையொன்று இழுக்கின்றன என்றால் இடையில் உள்ள கயிறு எது என்ற கேள்வி உடனே எழுந்தது. நியூட்டன் இதை எதிர்பார்த்தே, அட்ராக்சன் என்று தாம் சொல்வது கணிதக் கணக்குக்கான பெயர் மட்டுமே, காரணத்தைப் பற்றிய கூற்று அல்ல என்று நூலின் தொடக்கத்திலேயே எச்சரித்திருந்தார். ஆயினும் ஜெர்மானிய மெய்யியலாளர் லைப்னிட்ஸ் அதை மறைபொருள் மந்திரம் என்று சாடினார். மருத்துவச் சொல்லாக இருந்தபோது அதில் ஒட்டிக்கொண்ட ‘நாட்டம்’ என்ற வாடை இன்னும் போகாததே சாடலுக்குக் காரணம். கல்லுக்கு ஆசை உண்டா என்று கேட்டவர்கள் சொல்லின் பழைய வாழ்வை நினைத்துத்தான் கேட்டார்கள்.

மனிதர்மேல் வந்தது

மனிதரின் அழகும் குணமும் பிறரை இழுப்பதைச் சொல்ல இச்சொல் 1600ஐ ஒட்டியே வழக்குக்கு வந்துவிட்டது. ஷேக்ஸ்பியரின் ‘ஹேம்லெட்’ நாடகத்தில் இளவரசன் தாயின் அருகே அமர மறுத்து, ஒஃபீலியாவை அதைவிட இழுக்கும் உலோகம் என்று சொல்லி அவள் பக்கம் போகிறான். கில்பர்ட்டின் காந்த நூலும் இந்த நாடகமும் ஏறத்தாழ ஒரே ஆண்டுகளில் பிறந்தவை. ‘ஏதென்சின் டைமன்’ நாடகத்தில் அதே ஆசிரியர் சூரியனைத் திருடன் ஆக்குகிறார்; தன் பெரிய அட்ராக்சனால் கடலைக் கொள்ளையிடும் திருடன். இழுப்பது களவு என்னும் இந்த எண்ணம் தமிழுக்குப் புதிதல்ல என்பது பின்னர் விளங்கும்.

ஸ்கொட்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூம் 1739இல் வெளிவரத் தொடங்கிய தம் நூலில் எண்ணங்களுக்கிடையே உள்ள இணைப்பையும் ஒருவகை அட்ராக்சன் என்றார். கோள்களுக்கு நியூட்டன் செய்ததை மனத்துக்குச் செய்வது அவர் நோக்கம். சுவீடனின் இரசாயனவியலாளர் டோர்பர்ன் பெர்க்மன் 1775இல், எந்தப் பொருள் எதைக் கைவிட்டு எதனுடன் சேரும் என்பதைத் தேர்ந்தெடுக்கும் கவர்ச்சியாக வகுத்துப் பட்டியலிட்டார். ஜெர்மானிய எழுத்தாளர் கதே அந்த இரசாயனப் பெயரையே தலைப்பாக வைத்து 1809இல் ஒரு நாவல் எழுதினார். அதில் ஒரு கணவனும் மனைவியும், வீட்டுக்கு வந்த இருவரும் சோதனைக் குழாய்ப் பொருள்களைப்போல் இடம் மாறிச் சேர விழைகிறார்கள். விஞ்ஞானத்தின் சொல்லை இலக்கியம் காதலுக்குக் கடன் வாங்கியது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், கூட்டம் இழுக்கும் வேடிக்கைக் காட்சிக்கும் ஆங்கிலம் இதே பெயரைச் சூட்டியது.

காந்தம் என்ற பெயர்

கவர்ச்சியை விளக்க ஐரோப்பியர் காந்தத்தைத் தேடிப் போனார்கள். இந்திய மரபிலோ காந்தத்தின் பெயரே காதலிலிருந்து வந்தது. சமஸ்கிருதத்தில் ‘காந்த’ என்றால் விரும்பப்பட்டது, அன்புக்குரியது. காந்தன், காந்தை என்று கணவனையும் மனைவியையும் குறிப்பதும் இதனால்தான். ‘அயஸ்காந்தம்’ என்றால் இரும்பின் காதலன். தமிழ் முன்பாதியை விட்டுவிட்டுக் காந்தம் என்றே வைத்துக்கொண்டது. தீய்தல், எரிதல் என்ற பொருளில் வரும் காந்துதல் வேறு சொல். சீன மொழியிலும் காந்தத்தின் பழைய பெயர் அன்புக்கல். இரும்புக்கு அது தாய் என்று பழைய உரைகாரர் விளக்கம் தந்தார்கள்.

காளிதாசனின் ‘குமாரசம்பவம்’ இரண்டாம் சருக்கத்தில், தவத்தில் உறைந்த சிவனின் மனத்தை உமையின் அழகால் இழுக்குமாறு, அயஸ்காந்தம் இரும்பை இழுப்பதுபோல் என்ற உவமையோடு பிரமன் தேவர்களுக்குச் சொல்கிறான். அங்கே இழுத்தலைக் குறிக்கும் வினைதான் தமிழில் ஆகர்ஷணம், ஆகருடணம் என்று வழங்கும் சொல்லின் மூலம். அதன் வேர் ‘கிருஷ்’. இழுத்தல் என்றும் உழுதல் என்றும் அதற்கு இரு பொருள். கிருஷி என்ற வேளாண்மைச் சொல் அதிலிருந்து வந்ததே. லத்தீன் வேரில் உழவு இயந்திரமும் கவர்ச்சியும் கூடின. சமஸ்கிருத வேரில் கலப்பையும் கவர்ச்சியும் கூடுகின்றன. மாடு கலப்பையை இழுத்துச் சால் பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கே இந்தச் சொற்கள் முதலில் தேவைப்பட்டன என்று எண்ண இடமுண்டு.

13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் இயற்றிய ‘சிவஞானபோதம்’ ஐந்தாம் சூத்திரத்தில் காந்தம் வேறொரு வேலை செய்கிறது. புலன்கள் உயிரால் அறிகின்றன, ஆனால் உயிரை அறிவதில்லை. அதுபோல உயிர் இறைவனருளால் அறிகிறது, அந்த அருளோ காந்தத்தின் முன் இரும்பு அசைவதுபோல் உயிரை இயக்குகிறது என்பது அதன் கருத்து. இரும்புக்கு அங்கே வரும் சொல் பசாசம். காந்தம் தான் அசையாமல் இன்னொன்றை அசைக்கிறது என்பதைச் சைவ சித்தாந்தம் பிடித்துக்கொண்டது. யாழ்ப்பாணத்துச் சைவப் பள்ளிகளில் படித்த தலைமுறைகள் காந்தத்தின் இயல்பை விஞ்ஞான பாடத்தில் மட்டுமன்றிச் சமய பாடத்திலும் கேட்டிருப்பார்கள்.

காந்தத்தின் வேலையைக் கண்ணால் பார்க்க வன்னிக் கரை நல்ல இடம். பழுதான ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய வட்டக் காந்தத்தைக் கயிற்றில் கட்டி மணலில் இழுத்துக்கொண்டு நடந்தால், சிறிது தூரத்தில் அதன் விளிம்பெங்கும் கரிய தூள் மயிர் சிலிர்த்ததுபோல் நிற்கும். கையால் வழித்தால் மறுபக்கம் போய் ஒட்டும். முல்லைத்தீவு எல்லையில் கொக்கிளாய்க்கு அப்பால் உள்ள புல்மோட்டையில் கனியமணல் ஆலை இதையே பெரிய அளவில் செய்கிறது. இல்மனைற்றை மற்ற மணலிலிருந்து பிரிக்க அங்கே காந்தப் பிரிப்பு பயன்படுகிறது.

தமிழில் கவர்தலும் ஈர்த்தலும்

தமிழில் அட்ராக்சனுக்கு இன்று போட்டியிடும் சொற்கள் இரண்டு. ஈர்த்தல் என்பது நேரான இழுத்தல். வெள்ளம் மரத்தை ஈர்ப்பதும் கயிறு படகை ஈர்ப்பதும் அதில் அடங்கும். ஈர்தல் என்பது வேறு, அது அறுத்தல். ஈர்வாள் அதிலிருந்து வந்தது, நாள் என்பது உயிரை அறுக்கும் வாள் என்று திருக்குறள் நிலையாமை அதிகாரத்தில் சொல்வதும் அந்த வினையைக் கொண்டுதான். ஒற்று ஒன்றில் பொருள் மாறும் இந்த இரண்டையும் பள்ளிப் பிள்ளைகள் குழப்பிக்கொள்வது வழக்கம்.

கவர்தல் இன்னும் ஆழமான சொல். அதன் அடிப்பொருள் பற்றிக்கொள்ளுதல், எடுத்துக்கொள்ளுதல், பறித்தல். பகைவர் நாட்டு மாட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு போவது ஆநிரை கவர்தல். இனிய சொல் இருக்க இன்னாத சொல்லைச் சொல்வதற்குத் திருக்குறள் காட்டும் உவமையிலும், கனியை விட்டுக் காயை எடுப்பவரின் செயல் கவர்தலே. திருஞானசம்பந்தரின் முதல் பதிகம் சிவபெருமானை உள்ளத்தைக் கவர்ந்துகொண்ட கள்வனாகப் பாடுகிறது. ஏழாம் நூற்றாண்டிலேயே தமிழில் கவர்ச்சியும் களவும் கைகோத்துவிட்டன. ஷேக்ஸ்பியரின் சூரியத் திருடன் வந்தது அதற்கு ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்குப் பின். ஆங்கிலச் சொல்லின்படி மனம் இழுபடுகிறது. தமிழ்ச் சொல்லின்படி மனம் பறிபோகிறது. ‘மனதைப் பறிகொடுத்தான்’ என்று பேச்சில் சொல்வதும் இந்த மரபுதான்.

மந்திர நூல்களிலும் இச்சொற்களுக்கு இடமுண்டு. வசியம், மோகனம், தம்பனம், உச்சாடனம், ஆகருடணம், வித்துவேடணம், பேதனம், மாரணம் என்று எட்டுக் கருமங்களை எண்ணும் மரபில், தூரத்தில் இருப்பவரைத் தன்னிடம் வரவழைப்பதற்கு ஆகருடணம் என்று பெயர். ஆங்கிலத்தில் அழகைக் குறிக்கும் ‘சார்ம்’ என்ற சொல் லத்தீனில் மந்திரப் பாட்டைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. ‘கிளாமர்’ என்பது ‘கிராமர்’, அதாவது இலக்கணம் என்ற சொல்லின் ஸ்கொட்லாந்துத் திரிபு. எழுத்தறிவே மந்திரமாகத் தோன்றிய காலத்தின் எச்சம் அது. கவர்ச்சியை மந்திரமாகக் காணாத மொழி அரிது.

விஞ்ஞானத் தமிழில் இச்சொற்களைப் பங்கிட்ட வேலை யாழ்ப்பாணக் குடாநாட்டில் தொடங்கியது என்று கொள்வதே பொருந்தும். மானிப்பாயில் 1842இல் சந்திரசேகர பண்டிதரின் உழைப்பில் வெளிவந்த அகராதியும், அந்த மண்ணில் திரண்ட சொற்களையும் கொண்டு 1862இல் சென்னையில் அச்சான வின்சுலோவின் தமிழ்–ஆங்கில அகராதியும் நிலத்தைப் பண்படுத்தின. அதே மானிப்பாயில் அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884) மாணவர்களுக்கு மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். ‘இரண வைத்தியம்’ (1867), ‘கெமிஸ்தம்’ (1875) முதலான நூல்களை வெளியிட்டார். பொருள்கள் ஒன்றையொன்று நாடிச் சேர்வதைத் தமிழ் மாணவனுக்குத் தமிழிலேயே சொல்லவேண்டிய தேவையை அச்சில் எதிர்கொண்டவர் அவர். தமிழ்நாட்டில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆகர்ஷண சக்தி என்ற தொடரே பெருவழக்கு. விபுலாநந்த அடிகளும் பங்கெடுத்த முயற்சியின் விளைவாகச் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938இல் கலைச்சொற்கள் நூலை வெளியிட்டது. அத்தகைய முயற்சிகளுக்குப் பின் அங்கே வடசொல் படிப்படியாக விலகி, ஈர்ப்பு அந்த இடத்தில் அமர்ந்தது.

இலங்கையில் பாடசாலை விஞ்ஞானம் சுயமொழிக்கு மாறியபோது, 1950களிலும் 60களிலும் அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. அந்த மரபில் வந்த பாடநூல்களில் வேலை தெளிவாகப் பிரிந்திருக்கிறது. பூமி இழுப்பதற்கு ஈர்ப்பு: புவியீர்ப்பு, புவியீர்ப்பு ஆர்முடுகல், தன்னீர்ப்பு. காந்தமும் மின்னேற்றமும் மூலக்கூறும் இழுப்பதற்குக் கவர்ச்சி: ஒத்த முனைவுகள் தள்ளும், ஒவ்வா முனைவுகள் கவரும், மூலக்கூறுகளுக்கிடையே கவர்ச்சி விசை. அணு இலத்திரனை விழைவதற்கு நாட்டம். தமிழ்நாட்டுப் பாடநூலில் இதே காந்த விதி ஈர்த்தல், விலக்குதல் என்று வரும். எல்லா இழுப்புக்கும் அங்கே ஈர்ப்பே போதுமானதாகிவிட்டது. ஈழத்துப் பகுப்பே சிறந்தது. தள்ளுதலே இல்லாத, எப்போதும் ஒரே திசையில் செயல்படும் புவியீர்ப்பையும், ஆள் பார்த்துச் சேர்ந்தும் தள்ளியும் நடக்கும் காந்தக் கவர்ச்சியையும் வேறு சொல்லால் குறிப்பது கில்பர்ட் விரும்பிய நுட்பத்துக்கு மிக அருகில் நிற்கிறது.

கவர்ச்சியைத் தமிழ்நாடு பௌதிகத்திலிருந்து விட்டுவிட்டதற்குச் சினிமா பெரும் காரணம். கவர்ச்சி நடனம், கவர்ச்சி நடிகை என்று பத்திரிகைகள் எழுதி எழுதி, வகுப்பறையில் ஆசிரியர் அச்சொல்லை உச்சரித்தால் பின்வரிசை சிரிக்கும் நிலை வந்தது. சம்பந்தர் இறைவனுக்குச் சூட்டிய வினை உடைக் குறைப்புக்குப் பெயரானது வருந்தத்தக்கது. வேளாண் துறை மட்டும் அங்கே அச்சொல்லைக் கைவிடவில்லை. பெண் அந்துப்பூச்சியின் மணத்தைக் காட்டி ஆண் பூச்சியைப் பிடிக்கும் கருவி அங்கே இனக்கவர்ச்சிப் பொறி. மருத்துவத்தில் பிறந்த ஆங்கிலச் சொல்லுக்கு வயலில் கிடைத்த மிகச் சரியான மொழிபெயர்ப்பு அது.

வன்னிப் பேச்சில் கவர்ச்சியும் ஈர்ப்பும் வாயில் வருவதில்லை. ஆள் அழகு என்றால் ‘வடிவு’, கண்ணில் படும்படி இருந்தால் ‘எடுப்பு’. மனம் போனால் ‘விருப்பம்’. ‘அவருக்கு அந்தப் பிள்ளையில விருப்பம்’ என்றால் அதற்குமேல் விளக்கம் வேண்டாம். பெரியவர்கள் பார்த்துக் கட்டி வைத்தது ‘பேசிச் செய்தது’, தாங்களே தேடிக்கொண்டது ‘விரும்பிச் செய்தது’. ‘பிள்ளையில’ என்று இடத்தைக் குறிக்கும் உருபோடு விருப்பம் வருவதைக் கவனிக்கவேண்டும். இழுக்கும் கயிறும் இல்லை, பறிக்கும் கையும் இல்லை. மனம் போய் ஓரிடத்தில் இருக்கிறது, அவ்வளவே. காந்தம்கூடப் பேச்சில் இரும்பை ‘இழுக்கும்’ அல்லது ‘பிடிக்கும்’. ஒருவரை இன்னொருவருக்குப் பிடிப்பதும் அதே ‘பிடிக்கும்’தான்.

இன்றைய நிலை

சுற்றுலா, விளம்பரம், உளவியல், சமூக ஊடகம் ஆகியவற்றில் அட்ராக்சன் இன்று பல புதுத் தொடர்களில் வழங்குகிறது. இலங்கைத் தமிழில் அவை கவர்ச்சி என்றும் ஈர்ப்பு என்றும் மாறிமாறிப் பெயர்க்கப்படுகின்றன.